நகராத கருந்துளை

எனக்கு ஆறாம் வகுப்பில் பவர் கண்ணாடி போட்டார்கள். அதே நாளில், அதே கடையில், அதே கறுப்பு ஃபிரேமில் என் தங்கைக்கும் ஒரு கண்ணாடி வாங்கினார் எங்கள் அப்பா. அவள் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. கடைக்காரர் பாவம், “சின்ன பாப்பாவுக்கு பவரே இல்லியேப்பா, எதுக்கு வீணா?” என்று சொல்லிப் பார்த்தார். “பவர் இல்லன்னா சாதா கண்ணாடியா போட்டுக் குடு. ஒருத்திக்கு வாங்கிக் குடுத்துட்டு இன்னொருத்திய வெறும் மூஞ்சியா கூட்டிக்கினு போவ முடியாது” என்றார் அப்பா. அவள் ஒரு வருடம் முழுக்க அந்த வெற்றுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அலைந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் கறுத்துப் போயிற்று.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் வெகுகாலம் சிரித்துக்கொண்டுதான் சொல்லிவந்தேன். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருவதில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர். புடவைக்கு இரண்டு கரையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வந்த புத்தி அது என்று தெருவில் சொல்வார்கள். சும்மா. உண்மையான காரணம் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கள் தாத்தா வீட்டைப் பிரித்தபோது தெருவைப் பார்த்த பாதியையும் கிணற்றையும் பெரியப்பாவுக்கு எழுதிவிட்டு, பின்பாதியை நைனாவுக்குக் கொடுத்திருக்கிறார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோயிற்று. பெரியப்பா இருமினால் எங்கள் சமையலறையில் கேட்கும். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மட்டும் எங்களுக்குத் தபாலில் வரும். அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நைனா சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“என் பசங்களுக்குள்ள ஒரு நூல் வித்தியாசம் வரக் கூடாது” என்று அவர் எப்போது சத்தியம் செய்துகொண்டாரோ தெரியாது. எனக்கு நினைவு தெரிந்தபோதே அது எங்கள் வீட்டுச் சட்டமாக இருந்தது. நான் தங்கையைவிட ஒரு வயது மூத்தவள். எனக்குப் பள்ளி வயது வந்தபோது என்னைச் சேர்க்கவில்லை. அவளுக்கும் வயது வரட்டும் என்று வீட்டிலேயே வைத்திருந்து, இருவரையும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கும் ரொட்டியும் பாலும்தான். காபி ஊற்றினால் இரண்டு டம்ளரையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து மட்டம் பார்ப்பார். அம்மா, “உங்க நைனாவ கோர்ட்டுல உக்கார வெச்சிருக்கணும், தறியில உக்கார வெச்சது தப்பு” என்று முணுமுணுப்பாள். அதற்கு மேல் அவளும் பேச மாட்டாள்.

சட்டத்தில் ஒரே ஒரு வழி உண்டு. அதிரசமோ மாம்பழமோ ஒன்று மட்டும் மிஞ்சிவிட்டது என்று வையுங்கள். எனக்கு வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது. கேட்டவளுக்கு இல்லை என்பது முதல் விதி. மற்றவள் தானாகவே, “அவளுக்குக் குடு நைனா” என்று சொல்ல வேண்டும். சொன்னால் நைனாவுக்கு முகம் மலர்ந்துவிடும். “பாத்தியா, என் பொண்ணுங்கள” என்று அம்மாவைப் பார்ப்பார். எங்களுக்கும் அது பழகிப்போயிற்று. எனக்கு எதன்மேல் ஆசை என்றாலும் வாயைத் திறந்து கேட்காமல் தங்கையின் முகத்தைப் பார்ப்பேன். அவளும் அப்படித்தான்.

பிளஸ் டூ முடித்ததும் எனக்கு இயற்பியல் படிக்க ஆசை. அவளுக்கு நர்ஸ் ஆக ஆசை. தெருவில் யாருக்கு அடிபட்டாலும் முதலில் ஓடுகிறவள் அவள்தான். நைனா ஒப்பவில்லை. “ஆளுக்கொரு படிப்பு படிச்சா நாளைக்கு சம்பளத்துல ஜாஸ்தி கம்மி வரும், அப்பால மனஸ்தாபம் வரும். ரெண்டு பேரும் ஒண்ணையே படிங்க” என்றார். எது என்று அவரும் முடிவு செய்ய மாட்டார். செய்தால் ஒருத்திக்குச் சாதகம் ஆகிவிடுமே! தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தோம். வெள்ளைப்பூப் பொட்டலம் இயற்பியல், சிவப்புப்பூப் பொட்டலம் நர்சிங். குருக்கள் எடுத்துக் கொடுத்ததில் வெள்ளை வந்தது. நான் சந்நிதி என்றும் பாராமல் குதித்தேன். அவள் திருநீற்றைப் பூசிக்கொண்டு, “சரி வா, காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்கலாம்” என்றாள்.

நாங்கள் எம்.எஸ்ஸி படித்துக்கொண்டிருந்தபோதுதான் உலகத்தில் முதல்முறையாக ஈர்ப்பு அலை பிடிபட்டது என்று செய்தி வந்தது. எங்கோ கணக்குக்கு அடங்காத தூரத்தில் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி ஒன்றாகிவிட்டன. அந்த அதிர்வு விண்வெளியிலேயே அலையாகப் பரவி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த, திருநெல்வேலிப் பக்கத்து மேடம் ஒருவருக்கு மெயில் மேல் மெயில் போட்டு, அவரிடமே கோடைக்காலப் புராஜெக்ட் வாங்கிவிட்டேன். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார். தங்கையும் கூட இருந்து செய்கிறாள் என்று நைனாவிடம் சொல்லிவைத்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

புராஜெக்டின் விஷயம் இதுதான். ஈர்ப்பு அலை போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. கொஞ்சம் உந்தத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் போனால் எதிரும் புதிருமாகக் கழிந்துவிடும். ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மி என்றால், சேர்ந்து உண்டான கருந்துளை எதிர்ப்பக்கமாகத் தள்ளப்படும். அந்தத் தள்ளலுக்கு இந்தத் துறையில் ‘உதை’ என்றே பேர். உதை பலமாக விழுந்தால் தான் பிறந்த நட்சத்திரக் கூட்டத்தை விட்டே கருந்துளை வெளியேறிவிடும். சேர்கிற இரண்டும் சம எடையாக, தம்மைத் தாமே சுற்றாதவையாக இருந்தால் உதை கிடையாது. சேர்ந்த இடத்திலேயே நிற்கும். எந்த மாதிரி சமச்சீர் குலைந்தால் எவ்வளவு உதை விழும் என்று கணக்குப் போட வேண்டும்.

கணக்கை எழுதியது எங்கள் வீட்டில் அல்ல. எங்களிடம் கம்ப்யூட்டர் ஏது? ஜரிகைக் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு பாய், புடவைக்கு டிசைன் போடும் கடை வைத்திருந்தார். காலேஜ் நாளில் சாயங்காலமும், லீவில் நாள் முழுக்கவும் நான் அங்கே வேலை செய்வேன். வெள்ளிக்கிழமை மதியம் அவர் தொழுகைக்குப் போய் வரும்வரை கம்ப்யூட்டர் எனக்கு. டிசைன் வேலையில் முதலில் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: பாதி போடு, மீதியைத் திருப்பு. இடது கரைக்கு அன்னத்தை வரைந்தால் வலது கரைக்குத் தனியாக வரைய வேண்டாம். ஒரு பட்டனை அமுக்கினால் கண்ணாடியில் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். கை அதற்குப் பழகிவிட்டால் எதைப் பார்த்தாலும் பாதிதான் போடத் தோன்றும்.

கணக்கிலும் அதையே செய்தேன். கருந்துளைகள் சுற்றும் தளத்துக்கு மேலே போகிற அலையை மட்டும் கணக்கிட்டு, கீழே போகிற அலைக்கு அதையே திருப்பிப் போட்டேன். பாதி வேலை மிச்சம். மேடம் இரண்டு கருந்துளைகளையும் நிமிர்ந்து சுழல வைத்துப் பார்க்கச் சொன்னார், சரியாக வந்தது. சாய்ந்து சுழல வைத்துப் பார்க்கச் சொன்னார். எப்படிச் சாய்த்தாலும் சேர்ந்த கருந்துளை மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. மேடம் போனில் சிரித்தார். “என்னம்மா இது, உன் கருந்துளை பக்கவாட்டுல கொஞ்சம் நகருது, மேல கீழ அசையவே மாட்டேங்கு. காஞ்சிபுரத்த விட்டுப் போகாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கா?”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வரிவரியாகப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. அந்த வாரமே பாய் கடையில் ஒரு தகராறு. அம்பாளுக்குச் சாத்துவதற்காக ஒருவர் புடவை சொல்லியிருந்தார். கரை நெடுக வலம்புரிச் சங்கு. நான்தான் டிசைன் போட்டேன். இடது கரைக்குப் போட்டுவிட்டுப் பட்டனை அமுக்கினேன். புடவை தறியில் பாதி ஏறிய பிறகு அந்த மனிதர் வந்து பார்த்துவிட்டுக் குய்யோ முறையோ என்று கத்தினார். வலது கரையில் இருந்ததெல்லாம் இடம்புரிச் சங்கு! அன்னத்தைத் திருப்பினால் அன்னம்தான். சங்கைத் திருப்பினால் அதன் சுழி மாறிவிடுகிறது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, “பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி கண்ணத் தொறந்து பாரும்மா. திருப்பிப் போடக் கூடாதது எல்லாம் இருக்குது” என்றார்.

திட்டு வாங்கிக்கொண்டே நின்றவள் சட்டென்று, “ஐயோ, சுழற்சி!” என்று கத்தினேன். பாய் பயந்துவிட்டார். நிமிர்ந்து சுழலும் கருந்துளையைத் தளத்தின் மேல்கீழாகத் திருப்பினால் சுழற்சி மாறாது. சாய்ந்து சுழல்வதைத் திருப்பினால், அந்தச் சாய்ந்த பங்கு சங்கைப் போல மாறிவிடும். அங்கே மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றல்ல. அந்த ஏற்றத்தாழ்வுதான் கருந்துளையை மேலேயோ கீழேயோ உதைத்துத் தள்ளுவது. அதைத்தான் நான் பாதி போட்டுத் திருப்பி, துடைத்து எடுத்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பாதியையும் தனித்தனியாகக் கணக்கிட வைத்தேன். திரையில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. இரண்டு புள்ளிகள் சுற்றிச் சேர்ந்து ஒன்றானதும், அது விர்ரென்று கிளம்பி மேலே போயிற்று. திரையைத் தாண்டிப் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்க்கையில் வேறு எப்போதும் இருந்ததில்லை. இதை என் வீட்டுக்காரர் படித்தாலும் பரவாயில்லை, அதுதான் நிஜம்.

தங்கை கடலையை மென்றுகொண்டே, “எங்க போவுது அக்கா அது?” என்று கேட்டாள்.

“எங்கியோ. திரும்பி வராது.”

“போவட்டும் வுடு. நல்லா இருக்கட்டும்” என்றாள்.

அந்த வேலையை வைத்து மேடம் என்னை ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். நைனாவின் சட்டப்படி அவளும் விண்ணப்பித்தாள். பரீட்சைக்கும் சேர்ந்தே போனோம். நான் தேறினேன். நேர்முகத்தேர்விலும் தேறி, இடம் கிடைத்துவிட்டது என்று மேடமே போன் செய்து சொன்னார். அவள் முதல் பரீட்சையிலேயே தேறவில்லை. எப்படித் தேறுவாள்? அவள் கேட்டா இயற்பியல் படித்தாள்?

அன்று சாயங்காலம் நைனா தறியிலிருந்து எழுந்து கைகால் கழுவிக்கொண்டு வந்து, “அந்த மேடத்துக்கு போன் போடு, நான் பேசறேன்” என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். தங்கை முறத்தில் முருங்கைக்கீரையை வைத்து உருவிக்கொண்டிருந்தாள்.

“வணக்கம் மேடம். நான் பொண்ணோட அப்பா. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவளுக்கு சீட்டு குடுத்தீங்க, ரொம்ப சந்தோஷம். சின்னவளுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க.”

“ஐயா, அப்படிக் குடுக்க முடியாதுங்க. பரீட்ச எழுதித் தேறினவங்களுக்குத்தான்.”

“அவளும் எழுதினா மேடம்.”

“எழுதினாங்க ஐயா. தேறலயே.”

நைனா கொஞ்சம் யோசித்தார். “அப்போ பெரியவளுக்குக் குடுக்கறதையே பாதி பாதியா பிரிச்சி ரெண்டு பேருக்கும் குடுங்க. அவங்க சண்ட போட மாட்டாங்க. நான் வளத்த பசங்க.”

“உங்க மூத்த பொண்ணு ரொம்ப நல்லா வருவா ஐயா. தயவுசெஞ்சு அனுப்பி வைங்க” என்று மட்டும் மேடம் சொன்னார். நைனா மரியாதையாக வணக்கம் சொல்லிப் போனை என் கையில் கொடுத்தார். அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் கொடுமை. “போறதுன்னா ரெண்டு பேரும் போங்க. இல்லன்னா ரெண்டு பேரும் இங்கியே இருங்க. எனக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்” என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. ஒருத்தியைப் பெரிய படிப்புக்கு அனுப்பி, இன்னொருத்தியை வீட்டில் வைத்துவிட்டு, நாளைக்கு இந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் ஒரு சுவர் எழும்புவதை அவர் அப்போதே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். ரேஷன் கடைக்காரர் என்னைக் கண்டால் எடைக்கல்லைத் துடைத்து வைப்பார். பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு வண்டியை நிறுத்தியவள் நான். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஊமையானேன். கேட்டவளுக்கு இல்லை என்ற விதி அவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்திருந்தது. நான் தங்கையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. “அவளுக்குக் குடு நைனா” என்று ஒரே வார்த்தை. அதிரசத்துக்குச் சொன்னாள், ரிப்பனுக்குச் சொன்னாள், முகம் தெரியாத ஒரு கருந்துளைக்குக்கூட, போவட்டும் வுடு என்று சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை. தலையைத் தூக்கவே இல்லை. கீரைக்காம்பை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

உருண்டையான ஒரு பொருள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரிந்து சுருங்கினால், எவ்வளவு மூர்க்கமாகச் சுருங்கினாலும், அதிலிருந்து ஓர் ஈர்ப்பு அலைகூட வெளியே வராது. உள்ளே என்ன நடந்தாலும் வெளியே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அன்று எங்கள் வீடும் அப்படி இருந்தது. அம்மா கீரையை வாங்கிக்கொண்டு போய்ச் சமைத்தாள். எல்லோரும் சாப்பிட்டோம்.

சேர வேண்டிய நாள் நெருங்கியபோது மேடம் இன்னொரு முறை கூப்பிட்டார். “வீட்டுச் சூழ்நிலை மேடம்” என்றேன். “சரிம்மா” என்றார். அந்தச் ‘சரிம்மா’ இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே மண்டபத்தில், ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. ஒரே தறியில் அடுத்தடுத்து நெய்த இரண்டு கூறைப்புடவை. வந்தவர்கள் எல்லாம் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு புகழ்ந்தார்கள். அவளை வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் வீட்டில் கொடுத்தார்கள். நான் ஊரிலேயே தங்கினேன். பாய் கடையில் இப்போது முழுநேரமும் டிசைன் போடுகிறேன். ஈர்ப்பு அலை ஏதாவது பிடிபட்டால் செய்தி சொல்லும் ஆப் ஒன்று என் போனில் இருக்கிறது. யாளிக்கு வால் வரைந்துகொண்டிருக்கும்போது டிங் என்று சத்தம் வரும். எங்கோ இரண்டு சேர்ந்துவிட்டன என்று தெரிந்துகொண்டு மறுபடியும் வாலுக்குப் போவேன். அன்று முழுக்க யார் பேசினாலும் எரிந்து விழுவேன்.

சேர்ந்த கருந்துளை கொஞ்ச நேரம் மணி மாதிரி அதிர்ந்துவிட்டு, மேடு பள்ளமெல்லாம் போய் வழவழவென்று அடங்கிவிடும். பிறகு வெளியிலிருந்து பார்த்தால் அதன் எடையும் சுழற்சியும்தான் தெரியும். எதெது சேர்ந்து அது உண்டாயிற்று என்று சொல்ல முடியாது. எங்களையும் அப்படித்தான் எல்லோரும் பார்த்தார்கள். நல்ல அக்கா, நல்ல தங்கை. தீபாவளிக்கு வருவாள், போவாள். குழம்பு, பிள்ளைகளின் சளி, நாத்தனார் இவற்றைப் பற்றியே பேசுவோம். நான் ஒருநாளும் அவளை மன்னிக்கவில்லை. முகத்துக்கு நேரே ஒரு சொல் சொன்னதும் இல்லை.

போன மாதம் நைனா எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். முட்டிவலியால் அவரால் இப்போது தறியில் உட்கார முடியவில்லை. தான் இருக்கும்போதே வீட்டைப் பாதிப் பாதியாக எழுதிவைத்துவிட வேண்டும் என்று டேப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நான் ஒரு முனையைப் பிடிக்க, தங்கை மறுமுனையைப் பிடிக்க, நைனா நாற்காலியிலிருந்து, “இழுத்துப் பிடிங்க, தொய்யக் கூடாது” என்று அதட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக வந்தது. மாடிப்படி மட்டும் எந்தப் பாதியிலும் அடங்காமல் நட்டநடுவில் நின்றது. “அத இடிச்சிட்டு ஆளுக்கொரு படிக்கட்டு கட்டிக்கலாம்” என்றார். “இருக்கறது ஒரு மாடி, அதுக்கு ரெண்டு படிக்கட்டா? ஊரே சிரிக்கும்” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாடியில் எவ்வளவு இடம் என்று பார்க்க நாங்கள் இருவரும் டேப்பை எடுத்துக்கொண்டு மேலே போனோம். வெயில் சுள்ளென்று அடித்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒதுங்கினோம். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, ஒண்ணு கேப்பேன், கோச்சுக்க மாட்டியே?” என்றாள்.

“கேளு.”

“அன்னிக்கு இன்னாத்துக்கு நீ வாய மூடிக்கினு இருந்த?”

“என்னிக்கு?” என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

“மேடம் போன்ல பேசினாங்களே, அன்னிக்கு. ஊருக்கே வாய் குடுக்கறவ நீ. இன்னா ஆச்சு உனக்கு?”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “என்னக் கேக்கறியா? நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நைனா வுட்டிருப்பாருடி! ‘அவளுக்குக் குடு’ன்னு சொல்ல உனக்கு வாய் வரல. கல்லு மாதிரி உக்காந்து கீர உருவின. உன்னாலதான் நான் இங்க யாளிக்கு வால் போட்டுக்கினு கெடக்கறேன்” என்று கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. “சொல்லியிருக்கலாம்” என்றாள். “நான் வுட்டுக் குடுத்திருந்தா நீ போயிருப்ப. நைனா சந்தோஷமா அனுப்பி வெச்சிருப்பாரு. சட்டம் அப்படியே இருந்திருக்கும், நான் அதுக்குள்ளயே கெடந்திருப்பேன். எனக்கு மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில ரிசப்ஷன்ல வேல ரெடியா இருந்திச்சு அக்கா. ஹாஸ்டல் கூட பாத்து வெச்சிருந்தேன். யாராண்டயும் சொல்லல. நீ சண்ட போட்டு அந்தச் சட்டத்த ஒடச்சிக்கினு போயிருந்தா, உன் பின்னாடியே நானும் போயிருப்பேன். இப்ப கத்துவா, இப்ப கத்துவான்னு காத்துக்கினு இருந்தேன்.”

“நான் உன்னத்தாண்டி பாத்துக்கினு இருந்தேன்.”

“தெரியும். அதான் குனிஞ்சிக்கினேன். நிமிந்து உன் மூஞ்சியப் பாத்தா, ‘அவளுக்குக் குடு’ன்னு வாயில வந்துடும்னு பயமா இருந்திச்சு.”

இத்தனை வருடமும் அவள்தான் என்னைக் கட்டிப் போட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்தான் அவளைக் கட்டிப் போட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எவளாவது ஒருத்தி முந்தியிருக்கலாம். யார் முந்தினாலும் ஒருத்தியாவது போயிருப்பாள். கணக்கில் அந்தத் தப்பை ஒரு வாரத்தில் கண்டுபிடித்தேனே, வீட்டில் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆகிவிட்டதே என்று நினைத்து நினைத்து அழுதேன். அவளும் அழுதாள். அவள் மூக்கின் பக்கத்தில் அந்த வெற்றுக் கண்ணாடியின் தழும்பு இன்னும் லேசாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும்.

கீழேயிருந்து நைனாவின் குரல் வந்தது. “இன்னாமா சத்தம் அங்க? ரெண்டு பேருக்குள்ள ஏதானும் தகராறா?”

“ஒண்ணுமில்ல நைனா” என்றோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

“பாத்தியா” என்று அவர் அம்மாவிடம் சொல்வது கேட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் குரலில் அவ்வளவு நிம்மதி. “ரெண்டும் ஒண்ணு மாதிரியே பதில் சொல்லுது பாரு. என் பொண்ணுங்களுக்குள்ள ஒரு நூல் வித்தியாசம் கெடையாது.”

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். பிறகு ஆளுக்கொரு முனையாக டேப்பைப் பிடித்து, தொய்யாமல் இழுத்து, மாடியை அளந்தோம்.